சுவரில் சான்றிதழ் இருந்தால் போதுமா?

"மருந்தாளரின் சான்றிதழ் பாமசிச் சுவரில் தொங்கினால் சரி, அவர் கடையில் இருக்கத் தேவையில்லை" என்று வெள்ளவத்தைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பிழை.

பாமசிகளுக்கான அனுமதிப்பத்திரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. டாக்டர் எழுதிய துண்டுக்கு மருந்து கொடுப்பது இலங்கை மருத்துவ சபையில் பதிவான மருந்தாளரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட்டை எடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய குளிசை அது. "தினமும்" என்று யாராவது தவறாக எழுதிக் கொடுத்தால் உயிரே போகலாம், பல நாடுகளில் போயும் இருக்கிறது. அந்தப் பிழையைப் பிடிக்க அங்கே படித்த ஆள் நிற்க வேண்டும்.

அடுத்த முறை "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால் வேறு பாமசிக்குப் போங்கள்.