ஃபோர்லானை அந்தப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு

அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அப்பா பெயரில் பிழைத்த ஆட்டக்காரர்கள்' என்று தலைப்புப் போட்டு, பத்துப் பேர் படத்தை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரைப் பற்றிப் பேச நான் வரவில்லை. ஐந்தாவதாக உருகுவே கால்பந்து ஆட்டக்காரர் டியேகோ ஃபோர்லான் இருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரே வரி: "பத்து கிளப், எங்கேயும் நிலைக்கவில்லை."

அந்த ஒரு வரி இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

முதலில் அந்த 'அப்பா' விஷயம். ஆமாம், அவர் கால்பந்துக் குடும்பத்துப் பிள்ளைதான். அப்பா பாப்லோ ஃபோர்லான் 1966, 1974 என்று இரண்டு உலகக் கோப்பையில் உருகுவேக்கு ஆடியவர். பெனரோல் கிளப்பின் பெரிய காலத்து ஆள், பிறகு பிரேசிலில் சாவோ பாலோவுக்குப் போய் அங்கேயும் பேர் வாங்கியவர். அம்மாவின் அப்பா ஹுவான் கார்லோஸ் கொராசோ, அர்ஜென்டினாவின் இந்திபென்தியென்தேக்கு ஆடியவர், 1962 உலகக் கோப்பையில் உருகுவேயின் பயிற்சியாளர். இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் பாப்லோ ஒரு தடுப்பாட்டக்காரர். மகன் கோல் அடிக்கிறவர், அதுவும் இரண்டு காலாலும். எந்தக் கோல்கீப்பராவது 'பாப்லோவின் பையன் வருகிறான், விட்டுவிடுவோம்' என்று ஒதுங்கி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று. சின்ன வயதில் அவர் டென்னிஸில் கெட்டிக்காரர். கால்பந்தா டென்னிஸா என்று முடிவாகாமல்தான் இருந்தது. 1991-ல் அவருடைய அக்கா போன கார் விபத்துக்குள்ளானது. அக்காவுக்கு வயது பதினேழு, இவருக்குப் பன்னிரண்டு. அக்கா பிழைத்தார், ஆனால் அதன்பிறகு நடக்க முடியவில்லை, சக்கர நாற்காலிதான். குடும்பம் மருத்துவச் செலவில் திணறியது. பெரிய ஆட்டக்காரனாகி நல்ல டாக்டர்களிடம் காட்டுகிறேன் என்று அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் அக்காவிடம் சொன்னான். டென்னிஸ் மட்டை ஓரமாகப் போனது. பிற்பாடு அந்த அக்கா பெயரில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு அறக்கட்டளையே நடக்கிறது. இதற்குப் பெயர் அப்பா பெயரில் பிழைப்பதா? பட்டியல் போட்டவர் பத்து நிமிடம் தேடியிருந்தால் இது கிடைத்திருக்கும்.

சரி, 'நிலைக்கவில்லை'க்கு வருகிறேன்.

இந்திபென்தியென்தே, மான்செஸ்டர் யுனைடெட், வியாரியல், அட்லெட்டிகோ மாட்ரிட், இன்டர் மிலான், பிரேசிலில் இன்டர்நாசியோனல், ஜப்பானில் செரெசோ ஒசாகா, பிறகு சொந்த ஊர் பெனரோல், நம் மும்பை சிட்டி, கடைசியாக ஹாங்காங்கில் கிச்சி. எண்ணினால் பத்துதான், கணக்கு சரி. ஆனால் ஊர் ஊராகப் போனவர் எல்லோரும் ஓடிப்போனவர் இல்லை. போன இடத்தில் என்ன செய்தார் என்று பார்க்காமல் எத்தனை இடம் என்று மட்டும் எண்ணுவது என்ன நியாயம்?

யுனைடெட்டை எல்லோரும் எடுப்பார்கள் என்று தெரியும். 2002 ஜனவரியில் போனார், எட்டு மாதம் ஒரு கோல்கூட இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் மக்காபி ஹைஃபாவுக்கு எதிராக ஒரு பெனால்டி, அதுதான் முதல் கோல். அந்த எட்டு மாதமும் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன, பெயரை வைத்தே கேலி செய்தார்கள். அதே ஆள் அந்த டிசம்பரில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக இறங்கினார். லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் காரகர் தலையால் தட்டிக் கொடுத்த பந்து அவர்கள் கீப்பர் டூடெக்கின் கையிலிருந்தும் காலுக்கிடையிலும் நழுவுகிறது. பின்னாலேயே ஓடிவந்தவர் ஃபோர்லான். அது அதிர்ஷ்டம் என்பார்கள். கீப்பர் பிடித்துவிடுவார் என்று மற்றவர்கள் நின்றுவிடும் இடத்தில் அவர் ஏன் ஓடினார்? எட்டு மாதம் கோல் இல்லாதவர், திட்டு வாங்கியவர், அப்போதும் ஓடினார். சில நிமிடத்தில் இரண்டாவது கோல். 2-1. யுனைடெட் ரசிகர்கள் அதற்காகப் பாட்டே கட்டினார்கள், இன்னும் பாடுகிறார்கள். நிலைக்காதவரை யாரும் இருபது வருடம் பாட மாட்டார்கள்.

98 ஆட்டத்தில் 17 கோல். குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக்கு மேல் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவரின் கணக்கு அது.

அப்புறம் வியாரியல். ஐம்பதாயிரம் பேர் வசிக்கிற ஊர். போன முதல் வருடமே, 2004-05-ல், 25 கோல். ரொனால்டினோவும் எட்டோவும் ஆடிக்கொண்டிருந்த ஸ்பானிய லீகில் அதிகக் கோல் அடித்தவர் இவர். ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கோல் அடித்தவருக்குத் தரும் தங்கக் காலணியை தியெரி ஹென்றியோடு பகிர்ந்துகொண்டார். அடுத்த வருடம் அந்தச் சின்ன ஊர் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் அரையிறுதி வரை போனது. 2007-ல் அட்லெட்டிகோ. ஃபெர்னாண்டோ டோரஸ் கிளம்பிப் போன இடம் அது, அந்த மைதானத்தில் டோரஸ் சாமி மாதிரி. அந்த இடத்தில் போய் நின்று 2008-09-ல் 32 கோல். மறுபடி தங்கக் காலணி, இந்த முறை தனியாக. மெஸ்ஸி, எட்டோ எல்லோரும் அந்த லீகில்தான் இருந்தார்கள்.

2010 ஐரோப்பா லீக் ஞாபகம் இருக்கிறதா? லிவர்பூலோடு அரையிறுதி, இரண்டு ஆட்டத்திலும் அட்லெட்டிகோவுக்கு ஒவ்வொரு கோல்தான், இரண்டும் ஃபோர்லான். ஹாம்பர்கில் இறுதிப்போட்டி, ஃபுல்ஹாமுக்கு எதிராக 2-1, இரண்டும் ஃபோர்லான். இரண்டாவது 116-வது நிமிடத்தில். எல்லோர் காலும் பிடித்துக்கொள்கிற நேரம், கூட ஆடிய அகுவேரோ இடது பக்கமிருந்து அடித்த பந்துக்கு முன்னால் பாய்ந்து காலை நீட்டினார். 1996-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. ஆக, ஸ்பெயினில் மட்டும் ஏழு வருடம் இருந்தார். ஏழு வருடம் நிலைப்பது இல்லையா?

இன்டர் மிலானைச் சொல்வார்கள். சொல்லட்டும். வந்த சீசனில் அட்லெட்டிகோவுக்காக ஏற்கெனவே ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் ஆடிவிட்டதால் சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டங்களில் இறங்க முடியாது என்பதைக்கூட இன்டர் பார்க்காமல் வாங்கியது. அந்த ஒரு வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள், நடுவில் காயம். அதை வைத்து ஒரு மனிதனை எடை போடுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை. ஜப்பானில் செரெசோ அவர் சேர்ந்த வருடமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, அது உண்மை, அது எனக்கும் வருத்தம்தான்.

"பணத்துக்குத்தானே ஜப்பான், மும்பை, ஹாங்காங் எல்லாம் போனார்?" இதை என் நண்பர் ஒருவரே போனில் கேட்டார். ஆமாம், சம்பளத்துக்குத்தான் போனார். வேலைக்குப் போகிற யார் சம்பளம் வேண்டாம் என்கிறார்கள்? 2016-ல் மும்பைக்கு வரும்போது வயது 37. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், மும்பை 5-0. அந்த அணி அந்த வருடம் புள்ளிப் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கொல்கத்தாவில் சிவப்பு அட்டை வாங்கி அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாமல் போனார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா நின்றுவிட்டுப் போக வந்த ஆள் 37 வயதில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்குகிற அளவுக்கு மோதிக்கொண்டு ஆடுவாரா?

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வரி ஏன் இவ்வளவு சுட்டது என்று அப்போதுதான் புரியும்.

என் அப்பா வெல்டர். அனல் மின் நிலையங்களில் பாய்லர் குழாய் பற்றவைக்கிற வேலை. ஒரு யூனிட் கட்டி முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த கான்ட்ராக்ட். ஒரு இரும்புப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, பழைய துணியில் சுற்றிய வெல்டிங் முகக்கண்ணாடி, அவ்வளவுதான் அவர் சாமான். வருடத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்கள், "இப்ப எந்த ஊரு? அங்கயாவது நிலைச்சு இருப்பியா?" அப்பா சிரித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதில் பிடிக்காது.

பிறகு நானும் அதே வேலைக்கு வந்தேன். முதல் சைட்டில் ஒரு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார், "அப்பன் பேரைச் சொல்லி உள்ள வந்துட்ட." நான் போட்ட ஜாயின்டும் மற்றவர்கள் போட்டதைப் போல எக்ஸ்ரேக்குத்தான் போனது. பிலிமில் ஒரு சின்ன ஓட்டை கரும்புள்ளியாகத் தெரிந்தாலும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அந்தப் பிலிமுக்கு நான் யார் மகன் என்று தெரியாது. அப்பா எனக்குக் கொடுத்தது வேலை இல்லை. கை நடுங்காமல் இருக்க மூச்சை எப்போது விட வேண்டும் என்று கொடுத்தார். பாப்லோவும் கொராசோவும் அந்தப் பையனுக்குக் கொடுத்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

2010-ல் நாங்கள் இருவரும் ஒரே சைட்டில் இருந்தோம், ஒரே அறை. உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், ஜெர்மனியோடு. இந்திய நேரம் நள்ளிரவு. காலை ஷிஃப்ட் இருந்தும் அப்பா தூங்கவில்லை. உருகுவே என்றால் 33 லட்சம் பேர் இருக்கிற நாடு என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அந்தத் தொடரில் கானாவோடு ஆடியபோது கோலுக்குள் போகவிருந்த பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்ததை மட்டும்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். அதே கானா ஆட்டத்தில் உருகுவேயைச் சமன் செய்தது ஃபோர்லானின் ஃப்ரீ கிக் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஜெர்மனிக்கு எதிராக, வந்த பந்தை நிறுத்தாமல் தரையோடு அடித்து ஒரு கோல் போட்டார், அவருக்கு ஐந்தாவது. ஆனால் ஜெர்மனி 3-2. கடைசி நிமிடம் தாண்டி ஒரு ஃப்ரீ கிக். பந்தை வைத்தார், பின்னால் நடந்தார், அடித்தார். சுவரைத் தாண்டி வளைந்து போய் மேல் கம்பத்தில் அடித்தது. ஆட்டம் முடிந்தது.

அப்பா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் அடிச்சான்" என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து ஃபோர்லானுக்குத்தான் என்று அடுத்த நாள் சொன்னேன். "குடுக்கத்தானே வேணும்" என்றார்.

அடுத்த வருடம் கோபா அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை. தொடர் முழுக்க ஒரு கோல் இல்லை, முடிந்துவிட்டார் என்று எழுதினார்கள். பராகுவேயோடு இறுதிப்போட்டியில் இரண்டு அடித்தார். தாத்தா பயிற்சியாளராக வென்ற கோப்பை, அப்பா 1967-ல் ஆடி வென்ற கோப்பை, பேரனும் வென்றார். வாரிசு என்ற வார்த்தையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் இதற்குச் சொல்லுங்கள்.

பெனரோலை விட்டுவிட்டேன். 36 வயதில், அப்பா ஆடிய கிளப்புக்கே திரும்பி வந்து 2015-16-ல் உருகுவே லீகை வென்றார். ஊர் ஊராகப் போனவர் வீடு திரும்பினார். அதைப் பட்டியல் போட்டவர் பத்தில் ஒன்றாக எண்ணிவிட்டார். 2024-ல், 45 வயதில், மொன்டெவிடியோவில் ஒரு தொழில்முறை டென்னிஸ் போட்டியில் இரட்டையர் ஆட்டத்தில்கூட இறங்கினார். 6-1, 6-2 என்று தோற்றார். பன்னிரண்டு வயதில் ஓரமாக வைத்த மட்டையை எடுத்துக்கொண்டு, தோற்பதற்குத் தயாராகவே போனார். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கியது.

"ஒரு பட்டியலுக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்பட வேண்டுமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: வேண்டும். என் அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவருடைய பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடியின் உள்பக்கம், தான் வேலை பார்த்த சைட் பெயர்களையெல்லாம் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார். பதினாலு ஊர். அதில் எந்த ஊருக்குப் போனாலும் அவர் போட்ட ஜாயின்ட் இருக்கும்.

பட்டியல் போட்டவர் ஐந்தாவது பெயரை எடுத்துவிடட்டும். முடியாது என்றால், பதினொன்றாவதாக அந்த வெல்டரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டும். எழுத்துப் பிழை இல்லாமல் நானே அனுப்பிவைக்கிறேன்.