கூம்பு ஃபில்டர் மட்டும் போதாது

1996–2000 ஹோண்டா சிவிக் காரில் ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) கழற்றிவிட்டு, த்ராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) முன்னால் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் மாட்டினால் அதுவே கோல்டு ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொடுக்கும் அமைப்பு, என்று சொல்லப்படுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. கம்பெனி பாக்ஸ் மட்கார்டுக்குள்ளிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கூம்போ பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும். சத்தம் கூடும், அதை பவர் என்று நினைத்துவிடுகிறோம். 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும், அதனால் பவரும் குறையும்.

நீங்களே சோதிக்கலாம். வயர் முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டரின் சென்சாரை ஏர் பாக்ஸ் காற்று எடுக்கும் வாயில் டேப் போட்டு ஒட்டுங்கள், உலோகத்தில் படக்கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடானபின் 5 நிமிடம் ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓட) விட்டு ஒரு ரீடிங், 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது இன்னொன்று (பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்). பிறகு கூம்பை மாட்டி, சென்சாரை அதன் அருகே வைத்து, அதே ரோட்டில், அதே வெயிலில் மறுபடி எடுங்கள். வெளி வெப்பநிலையைவிட எது எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். ஐடிலில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் இறக்கினாலோ, தடுப்புத் தகடு கட்டி வெளிக்காற்றுக் குழாய் கொடுத்தாலோதான் கோல்டு ஏர் இன்டேக் என்ற பெயர் பொருந்தும்.