மொட்டைக்குப் போனால் பக்தி, பினாங்கு போனால் திமிரா?

நேற்று, பாப்பாவோடு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்வந்து நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம், பாதியை அழித்துவிட்டேன். "ஒம்பது மாசப் புள்ளைய வச்சுக்கிட்டு ஃபாரின் டூர் கேக்குதோ" என்று சித்தப்பா ஆரம்பித்து வைத்ததை அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். அதற்கு வரிசையாக இதயம் போட்ட சொந்தங்களுக்கு நன்றி.

சித்தப்பா, கோபத்தில் எழுதவில்லை. நிதானமாகத்தான் கேட்கிறேன்.

இதே பாப்பாவுக்கு ஏழாம் மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டோம். மே மாத வெயில். சென்னையிலிருந்து காரைக்குடிப் பக்கம் ராத்திரி முழுக்க வேன். கோயிலில் தகரக் கொட்டகை, அதற்கடியில் மூன்று அடுப்பு, புகை. தலையில் கத்தி பட்டதும் பிள்ளை மூச்சு அடங்கிப்போகிற மாதிரி கத்தினாள். "கத்தட்டும், சாமிக்குக் கேக்கட்டும்" என்று சிரித்தது யார்? ஊருக்குத் திரும்பியதும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அப்போது ஒருவர்கூட "கைப்பிள்ளைக்கு இதெல்லாம் தாங்குமா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன், தாங்கவில்லை என்று.

பினாங்குக்கு நேரடி விமானம், சுமார் நாலு மணி நேரம். அந்த வேனில் நாங்கள் விழுப்புரம் தாண்டி டீ குடித்து முடிக்கிற நேரம். கிளம்பும் முன் குழந்தை டாக்டரிடம் போனோம். இறங்கும்போது காற்றழுத்தம் மாறும், விழுங்கினால் காது அடைப்பு விடும், அதனால் அந்த நேரம் பார்த்துப் பால் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அப்படியும் கொஞ்சம் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவுதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் ஹெட்போன் இல்லாமல் காமெடி ரீல்ஸ் பார்த்தது எனக்குத் தொந்தரவு. கணக்கு சரியாகிவிட்டது.

"அங்க டெங்கு இருக்கு." இருக்கிறது. சென்னையில் இல்லையா?

"புள்ளைக்கு என்ன சாப்பாடு கெடைக்கும்?" இதைக் கேட்டவர் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். காலையில் இட்லி, இடியாப்பம், மூலைக்கு மூலை தமிழ். குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் இருந்து அங்கே இருக்கிறது. நம் ஆட்கள் பிள்ளை குட்டியோடு குடியிருந்து பேரன் பேத்தி எடுத்த ஊர் அது. கோயிலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் சுடுதண்ணீர் கேட்டேன். கல்லாவில் இருந்த அக்கா ஃபிளாஸ்க்கை வாங்கிக் கழுவி, நிரப்பி, "நீங்க ஒக்காந்து சாப்பிடுங்க தங்கச்சி, புள்ளய நான் வச்சிக்கிறேன்" என்று பாப்பாவை வாங்கிக்கொண்டார். முன்பின் தெரியாத ஆள். ஏன் கைப்பிள்ளையோடு வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. சூடாக ஒரு தோசையை முழுசாகச் சாப்பிட்டேன். இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் பிள்ளை பெற்றதில்லை, அல்லது பெற்றவளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்ததில்லை.

எல்லாம் சொகுசு என்று சொல்லவில்லை. பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனில் ஸ்ட்ரோலர் தள்ளவே முடியாது. பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடை என்று ஒன்று இருக்கிறது, நிழலான தாழ்வாரம்தான். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, ஊதுபத்தி மாடம். வண்டியை மடித்து அறையில் போட்டுவிட்டுப் பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தோம். தண்ணீர்மலை முருகனுக்கு 500 படிக்கு மேல், நான் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொண்டேன். பினாங்கு மலைக்கு ரயில் இருக்கிறது, அதில் ஏறினோம், மேலே குளிர்ச்சி.

அப்புறம் தூக்கம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தினமும் ஆறு மணிக்கு எழுப்பிவிடுகிறவள் அங்கே எட்டரைக்கு எழுப்பினாள். உடம்புக்கு அது ஆறு மணிதான், தெரியும். இருந்தாலும் கடிகாரத்தில் எட்டரையைப் பார்க்கிறபோது ஒரு சந்தோஷம்.

"இந்த வயசுல அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது?" இருக்காது. மொட்டை போட்டது ஞாபகம் இருக்குமா? காது குத்தப்போவது? அவள் ஞாபகத்துக்காக நான் போகவில்லை. எனக்காகப் போனேன். இதைச் சொல்லத்தான் கூடாது, இல்லையா? "பாப்பாவுக்குக் காற்று மாற்றம் வேணும்னு டாக்டர் சொன்னார்" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லோரும் பத்திரமாகப் போய்வரச் சொல்லியிருப்பீர்கள்.

சித்தப்பா, நம் அப்பத்தா, உங்கள் அம்மா, எங்கள் அப்பாவைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு இதே பினாங்குக்குத்தான் போனாள். நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி. 1926இல் கட்டிய கப்பல், மேல்தளத்தில் பாய் விரித்து, நாள் கணக்கில் கடல், பக்கத்தில் வாந்தி எடுக்கும் ஜனம். அந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நீங்கள்தான் கண் கலங்கச் சொல்வீர்கள். எங்க ஆத்தா மாதிரி ஒரு பொம்பள உண்டா என்று. அவள் போனது தாத்தாவுக்குச் சமைத்துப் போட. அதனால் அது தியாகம். நான் போனது தோசை சாப்பிட, எட்டரை வரை தூங்க. அதனால் திமிர். பிள்ளை படுகிற பாடு இதில் எங்கே வருகிறது? நீங்கள் யாரும் பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை.

பிரசவம் ஆனதிலிருந்து நான் வாசல் தாண்டியது தடுப்பூசிக்கும் விசேஷங்களுக்கும்தான். "எப்படி இருக்கே" என்று ஒருவர் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. போனில்கூட "பாப்பா என்ன பண்றா"தான்.

கடைசியாக ஒன்று. டிக்கெட் போட்டது, பாப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுக்க லீவு போட்டு அலைந்தது, மலேசியாவுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று பார்த்துச் சொன்னது, எல்லாம் உங்கள் மருமகன். அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கருத்துக்குக் கீழேயே இன்னொருவர் "மாப்ள பாவம், நல்லா பாத்துக்கிறாரு" என்று எழுதியிருக்கிறார். அதற்கும் நீங்கள் இதயம் போட்டிருக்கிறீர்கள்.