பணம் கட்டும்வரை வீடு, கட்டியபின் படமா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் புது அபார்ட்மெண்ட் வீட்டுச் சாவி வாங்கப் போனோம். விற்கும்போது புரோஷரில் காட்டிய படம் ஒன்று, கட்டியிருந்த வீடு வேறொன்று. கேட்டதற்கு கட்டுமான நிறுவனத்தின் விற்பனை மேலாளர் சொன்ன பதில் மூன்று நாளாக உறுத்துகிறது. "சார், அது வெறும் கிராபிக்ஸ் படம். கீழேயே போட்டிருக்கோமே."

போட்டிருக்கிறார்கள். படம் முழுப் பக்கம். "விளக்கத்துக்கு மட்டும்" என்ற வரி ஓரத்தில், எறும்பு சைஸில்.

சென்னை ஓஎம்ஆர் சாலையில் முள்செடி மண்டிக் கிடந்த மனையைக் காட்டி முன்பணம் வாங்கியபோது எங்கள் கையில் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதைக் காட்டித்தானே விற்றீர்கள்? பணம் கட்டும்வரை வீடு, கட்டியபின் வெறும் படமா?

படத்தில் பால்கனிக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் வானம். நேரில் மரம் இருந்த இடத்தில் டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி அடுத்த பிளாக்கின் சுவர். அரசு அனுமதி கொடுத்த அப்ரூவல் பிளானில் இரண்டும் இருக்கின்றன. படம் போட்டவருக்கு ஜன்னலும் தூணும் அச்சு அசலாகத் தெரிந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் மட்டும் எப்படி மறந்துபோகும்? படுக்கையறையும் அப்படித்தான். கட்டிலைக் கொஞ்சம் சுருக்கி வரைந்தால் பத்துக்குப் பத்து அறை தானாகப் பெரிதாகிவிடும். டேப் வைத்து அளந்தோம். எங்கள் கட்டிலைப் போட்டால் பீரோ கதவு பாதிதான் திறக்கும்.

கட்டாத வீட்டைப் படம் போடாமல் எப்படி விற்பது என்பார்கள். போடுங்கள், வருவதைப் போடுங்கள். அவ்வளவுதான்.

"படித்தவர்கள்தானே, பிளானைப் பார்த்து வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். ஏமாந்தவனையே குற்றவாளி ஆக்குகிற பேச்சு இது. என் அம்மாவுக்கு பிளான் படிக்கத் தெரியாது. ஊரில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்று இந்த வீட்டுக்குக் கொடுத்தார். புரோஷரில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் பால்கனி மூலையைத் தொட்டுக் காட்டி, "இங்கதான் துளசித் தொட்டி வைக்கப்போறேன்" என்பார். நான்கு வருடம். அண்ணன் வாடகையும் கட்டி, வங்கிக்கு வட்டியும் கட்டிய நான்கு வருடம். கட்டி முடித்துச் சான்றிதழ் வந்த வீட்டை வாங்கியிருந்தால் ஜிஎஸ்டிகூடக் கிடையாது. நாங்கள் 5 சதவீதம் கட்டினோம்.

இதைச் சட்டமும் வெறும் படம் என்று விட்டுவிடவில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். வாங்கியவர் திட்டத்திலிருந்தே விலகினால் அவர் கட்டியதை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகத்தான் போகிறோம். "அண்ணன் குடும்பம் குடிபோகிற நேரத்தில் வம்பு எதற்கு?" என்று இரண்டு உறவினர்கள் போன் செய்துவிட்டார்கள். வம்பு செய்தது நாங்களா?

சரி, இழப்பீடு வரட்டும், வராமல் போகட்டும். அன்றைக்கு அந்தப் பால்கனியில் அம்மா வெகுநேரம் நின்றார். டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டே இருந்தது. யாரையும் திட்டவில்லை. "இங்க துளசிக்கு வெயில் படுமாடா?" என்று மட்டும் அண்ணனிடம் கேட்டார். அவன் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.