நாரையும் நாறையும்

கல்லூரி ஒப்படைப்பை விக்கிப்பீடியாவில் எழுத வைத்தால் மாணவர்களுக்குப் பொறுப்பு வரும் என்கிறீர்கள். எனக்கு முதலில் வந்தது பயம், அப்புறம் கோபம்.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த தலைப்பு கூந்தன்குளம் பறவைகள் காப்பகம். நாங்குநேரிப் பக்கம், சின்ன வயதிலிருந்து பார்த்த குளம்தானே என்று மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கம்) ஒரே மூச்சில் எழுதினேன். 'லட்சக்கணக்கான பறவைகள் குவியும் உலகப் புகழ்பெற்ற காப்பகம்' என்று ஒரு வரி. தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் விழும். மறுநாள் பார்த்தால் 'உலகப் புகழ்பெற்ற' காணோம். 'லட்சக்கணக்கான' பக்கத்தில் 'சான்று தேவை' என்று யாரோ ஒட்டியிருந்தார். நான் என்ன பொய்யா சொன்னேன்? இரண்டு நாள் தேடினேன், ஆதாரம் சிக்கவில்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 1994-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 129 ஹெக்டேர்.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பக்கத்தைத் திருத்தினாலும் பழைய வடிவம் 'வரலாறு' பகுதியில் அப்படியே இருக்கும். அதனால் மாணவர்களைச் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். என் முதல் பதிப்பில் நாரையை 'நாறை' என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.