மதுரை காந்தி துணி டூப்ளிகேட்டா?

ராயபுரம், வியாசர்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘காந்தியின் பொருட்களை எல்லாம் அமெரிக்காவில் ஏலம் விட்டுவிட்டார்கள், மதுரையில் இருக்கும் ரத்தக்கறைத் துணி டூப்ளிகேட்.’ கூடவே வட்டக் கண்ணாடி, தோல் செருப்பு படம்.

ஏலம் நடந்தது உண்மைதான். 2009 மார்ச்சில் நியூயார்க்கில் கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம், தட்டு, கிண்ணம் ஆகியவை 18 லட்சம் டாலருக்குப் போயின. வாங்கியவர் விஜய் மல்லையா (ஆமாம், அவரேதான்!). அந்தப் பட்டியலில் துணியே கிடையாது.

1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த உடையின் ஒரு பகுதி, ராணி மங்கம்மாளின் பழைய தமுக்கம் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1959-ல் நேரு திறந்துவைத்த இடம் அது. அங்கே சில பொருட்கள் மாதிரிகள்தான். ஆனால் இந்தத் துணி அசல்.

சரி, தில்லியிலும் ரத்தக்கறை படிந்த உடை இருக்கிறதே என்று கேட்கிறார்கள். இருக்கிறது, ராஜ்காட் அருகே. அன்று அவர் வேட்டியோடு சால்வையும் போர்த்தியிருந்தார். மதுரையில் இருப்பது ஒரு பகுதி மட்டுமே. இரண்டு இடத்தில் இருப்பதால் ஒன்று போலியாகிவிடாது.