செவுளைத் தூக்கிப் பார்க்கக் கூடாதாம்

இன்றைக்குக் காலை ஏழேகால் மணி, வாயில் பிரஷ். "குட் மார்னிங் சார், உங்க பிரைடல் க்ளோ பேக்கேஜ் இன்னும் ஹோல்டுல இருக்கு, கன்ஃபர்ம் பண்ணிடலாமா?" அதே பெண், அதே குரல், பதினோராவது நாள். தாயே, நான் எதையும் ஹோல்டில் வைக்கவில்லை, உங்கள் கிளினிக்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், பேஸ்ட் நுரை மொத்தமும் சட்டையில். இதற்கு மேல் அடக்கினால் எனக்குத்தான் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம். கூட வேலை பார்க்கும் பெண் யாரோ 'வைட்டமின் டிரிப்' ஏற்றிக்கொண்டாளாம், முகம் அப்படியே ஜொலித்ததாம். "நல்ல எடமாப் பார்த்துச் சொல்லுண்ணா." அண்ணன் என்றால் மண்டபம், பந்தி, கேஸ் சிலிண்டர், வைட்டமின் எல்லாம் அவன் தலையில்தானே. சரி, நரம்பில் ஏறுகிற சமாச்சாரம், மூன்றே மூன்று விஷயம் கேட்போம் என்று நினைத்தேன். பாட்டிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? ஏற்றுவது யார்? ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? மூன்று வாரம், ஏழு கிளினிக், ஒரு பதில் கிடையாது.

போனில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எந்த ஏரியா சார்?" தண்டையார்பேட்டை என்றதும் ஒரு சின்ன மௌனம். அப்புறம் "ஓ... நார்த் மெட்ராஸா? அந்தப் பக்கம் ஹோம் சர்வீஸ் இல்ல சார்." பிரியாணி வருகிறது, பிரிட்ஜ் வருகிறது, இஎம்ஐ கட்டாவிட்டால் ஆள் வருகிறான், வைட்டமினுக்கு மட்டும் பேசின் பிரிட்ஜ் தாண்டத் தெரியாது.

அதனால் நாங்களே பாலம் தாண்டிப் போனோம். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான்: மாடிப்படி, கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் இலைச் சுவர், அதில் 'நீ ஒரு நட்சத்திரம்' என்று நியான் எழுத்து. உட்கார்ந்ததும் இரண்டு பக்க ஃபாரம். இன்ஸ்டாகிராம் ஐடி, கல்யாணத் தேதி, பட்ஜெட், 'உங்கள் முகத்தில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன' (என் தங்கச்சி இதற்கு மட்டும் அரைப் பக்கம் எழுதினாள், அங்கேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது). அலர்ஜி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், கிட்னியில் ஏதாவது தொந்தரவா? அதற்கெல்லாம் கட்டமே இல்லை. இவளுக்கு மூன்று வருடம் முன்னால் கிட்னியில் கல். நடுராத்திரி சுருண்டு துடித்தவளை ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஸ்டான்லிக்கு ஓடினோம், எங்கள் ஆயா இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். அளவுக்கு மீறிய வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், கல் கட்டுவதும் பெரும்பாலும் அந்த ஆக்சலேட்டில்தான். அதனால்தான் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"பாட்டில்ல என்னம்மா இருக்கு?"

"க்ளோ பூஸ்டர் சார்."

"அது பேரு. உள்ள?"

"ஆன்டி ஆக்ஸிடன்ட்ஸ் சார். டீடாக்ஸ் ஆகும்."

"வைட்டமின் சி எத்தனை மில்லிகிராம்?"

"ஹை டோஸ் சார்."

"ஹைன்னா எவ்வளவு?"

அந்தப் பெண் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தது. பக்கத்துப் பெண் ஏசியைப் பார்த்தது. கடைசியில், "பிரீமியம் பேக்கேஜ்ல இன்னும் ஹை சார்."

நானும் விடவில்லை. "ஜி6பிடி டெஸ்ட் எடுப்பீங்களா?" ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு என்சைம், அது குறைவாக இருப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி நரம்பில் ஏறினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும், அதனால் முன்னாலேயே ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். பெண் மெனு கார்டை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடிவிட்டுச் சொன்னது: "அந்த பேக்கேஜ் இப்ப இல்ல சார்."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக. தங்கச்சிதான் என் தொடையைக் கிள்ளினாள்.

அப்புறம் வெள்ளைக் கோட்டு ஒருவர் வந்தார். டாக்டரா என்றேன். "சீனியர் வெல்னெஸ் கன்சல்டன்ட்." எம்பிபிஎஸ்ஸா? "எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சார்." எதில்? முதலில் ஸ்பாவாம். டாக்டர் எங்கே? "ஆன் கால்ல இருக்காங்க." ஊசி நரம்பில் ஏறி, மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டினால் அட்ரினலின் போட வேண்டும், அதைப் போனில் போடுவாரா? டாக்டரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்றேன். தனியார் கிளினிக் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறதே, அந்தச் சான்றிதழ் எங்கே என்றேன். அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீ ஒரு நட்சத்திரம்.

மெனுவில் 'மையர்ஸ் காக்டெய்ல்' என்று வேறு ஒன்று. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில், பால்டிமோரில் மையர்ஸ் என்று ஒரு டாக்டர் மெக்னீசியம், கால்சியம், பி வைட்டமின்கள், சி எல்லாம் கலந்து நோயாளிகளுக்கு ஏற்றியிருக்கிறார். 1984-ல் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, எந்த அளவில் கலந்தார் என்பதே சரியாகத் தெரியாமல் இன்னொரு டாக்டர் தன் கணக்கில் ஒரு கலவை பண்ணினார். ஆக, ஒரிஜினல் சரக்கே அப்படித்தான். இதில் நான் மில்லிகிராம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

'க்ளோ' என்றால் என்ன என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. குளுட்டாதயோன், தோலை வெளுப்பாக்கும் என்று சொல்லி ஏற்றுகிற மருந்து. சுற்றி வளைத்துச் சொன்னாலும், பெண் வெளுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பிலிப்பைன்ஸில் இந்த ஊசி மோகம் முற்றிப்போய் அரசாங்கத்தின் மருந்துத் துறையே ஜாக்கிரதை என்று அறிக்கை விட்டது. இங்கே அதையே "ஸ்கின் பிரைட்டனிங் சார், நேச்சுரல்" என்கிறார்கள். எங்கள் பெண் நன்றாகத்தானே இருக்கிறாள், உங்களிடம் யார் கேட்டது? (கேட்டது அவள்தான். அது வேறு கதை.)

விலை? ஒரு தடவைக்கு 6,500, எட்டு தடவை ஏற்ற வேண்டுமாம், 52,000. இன்றைக்கே கட்டினால் 39,999. "கன்சல்டேஷன் காம்ப்ளிமென்டரி சார்" என்று தர்மப் பிரபு மாதிரி ஒரு பார்வை வேறு. திருவேங்கடம் டாக்டர் 2020-ல் கண்ணை மூடும்வரை 5 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த வியாசர்பாடி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, எங்களிடமா இந்தப் பார்வை?

வயிற்றெரிச்சல் எங்கே தெரியுமா? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 600 ரூபாய்ப் புடவைக்கே முந்தானையில் நூலை உருவிப் பார்த்து, பட்டா கலப்பா என்று கடைக்காரரை அழவைப்பவள் எங்கள் அம்மா. காசிமேட்டில் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் கால் கிலோ சங்கரா வாங்கியதில்லை, மீன்காரம்மாவும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை, தானே தூக்கிக் காட்டும். இங்கே நரம்புக்குள் போகிற பாட்டிலை என்னவென்று கேட்டால் "சார், ட்ரஸ்ட் பண்ணுங்க". செவுளைத் தூக்கினால் கோபம் வருகிறது என்றால் மீன் எப்போது பிடித்தது என்று தெரிந்துபோகிறதே.

நியாயமாகப் பார்த்தால் நம் பேரிலும் தப்பு இருக்கிறது. இரண்டு நாள் காய்ச்சல் என்றால் "ஒரு பாட்டில் ஏத்திட்டா தெம்பா இருக்கும் டாக்டர்" என்று நாமே கையை நீட்டுகிறவர்கள். அரை லிட்டர் சலைன் என்பது தண்ணீரும் நாலரை கிராம் உப்பும், ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப் போட்டிருக்கிறது, ஒரு கொய்யாப்பழம் தின்றால் அதைவிடக் கூடவே வந்துவிடும். மிச்சம் மீதி சிறுநீரில் போகும். பி வைட்டமின் சேர்ந்தால் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அந்த 'க்ளோ'வுக்கு மட்டும் கியாரண்டி உண்டு.

இதையெல்லாம் இன்றைக்குக் காலையில் நுரைச் சட்டையோடு நடு ஹாலில் நின்று கத்தினேன். தங்கச்சி வாயைத் திறக்கவில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டே நிதானமாகக் கேட்டாள்: "அந்தப் பாட்டில் என்ன கலர்டா?"

"மஞ்சள்மா."

"அதான் நம்ம தெருக் குழாயில தெனமும் வருதே. புடிச்சி ஏத்த வேண்டியதுதான?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, பதினைந்து நாளாக அந்தக் குழாயில் சாக்கடை நாற்றம், போன் பண்ணினால் புகார் எண் ஒன்று தருகிறார்கள், அதை வைத்துக் குழம்பா வைக்க முடியும்? கேன் தண்ணீர் 35-லிருந்து 40 ஆகிவிட்டது. மூன்றாவது மாடி என்றால் மாடிக்கு ஐந்து ரூபாய் கூடவாம், அதுவும் காலி கேனை நாமே கீழே கொண்டுபோய் வைக்க வேண்டுமாம்.